விண்மீன்களை எண்ணிய நிசேயா நகரத்தார்

ஞாயிறு திருப்பலியில் மறையுரைக்குப் பிறகு எழுந்து நின்று நாம் அறிக்கையிடும் அந்த நீளமான நம்பிக்கை அறிக்கையின் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. அது நிசேயா. இன்று துருக்கி நாட்டில், ஓர் ஏரியின் கரையில் இஸ்னிக் என்ற பெயரோடு இருக்கும் சிறு நகரம். கி.பி. 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் அழைக்க, ஆயர்கள் கூடிய முதல் பொதுச்சங்கம் நடந்த இடம் அதுதான். அதன் 1700ஆம் ஆண்டு நினைவாக, 2025 நவம்பர் 28 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அங்கே சென்று, முதுபெரும் தந்தை பர்த்தலோமேயுவோடு சேர்ந்து செபித்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

அந்த நிசேயாவில், சங்கம் கூடுவதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, கி.மு. 190ஐ ஒட்டி ஒருவர் பிறந்தார். பெயர் ஹிப்பார்க்கஸ். கிரேக்கர். பருவக்காற்றைப் பிடித்துக் கடல் கடந்து இந்தியாவுக்கு வரும் வழியோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ஹிப்பாலஸ் வேறு, இவர் வேறு. பெயர் ஒத்திருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் கப்பல் ஏறி நம் பக்கம் வந்தவர் அல்லர். வானத்தை அளந்தவர்.

பண்டைய கிரேக்கர் என்றதும் நம் பிள்ளைகளின் பாடப்புத்தகம் அலெக்சாண்டரையும் சாக்ரட்டீசையும் சொல்லிவிட்டு நின்றுவிடும். ஆனால் ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தைத் தாண்டி காவலூரில் இருக்கும் வானாய்வகத்தில், ஒரு விண்மீன் எவ்வளவு பிரகாசம் என்று குறிக்கிறார்களே, அந்த எண்ணின் தாய்வேரைத் தேடிப் போனால் அலெக்சாண்டரிடம் போய்ச் சேராது. நிசேயா நகரத்து இந்த மனிதரிடம்தான் போய்ச் சேரும். அவர் வாழ்க்கையைப் பற்றிக் கிடைப்பது கொஞ்சம்தான். கிடைத்தது அத்தனையும் அவர் செய்த வேலையோடு ஒட்டியே கிடைக்கிறது.

அலெக்சாண்டர் இறந்து நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்த காலம் அது. அவர் வென்ற நாடுகளைத் தளபதிகள் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள். எகிப்தில் அலெக்சாந்திரியா நகரம் நூலகத்தோடும் அறிஞர்களோடும் ஓங்கி நின்றது. பாபிலோனின் பழைய கோயில்களில் எழுத்தர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாகக் களிமண் பலகைகளில் கிரகணங்களைக் குறித்து வைத்திருந்தார்கள். கிரேக்கர்களுக்குக் கணக்கும் வடிவியலும் தெரியும். பாபிலோனியர்களிடம் பழைய குறிப்பேடு இருந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்திய முதல் பெரிய மனிதர் ஹிப்பார்க்கஸ். கிரேக்க நாகரிகத்தின் சிறப்பு எல்லாவற்றையும் தாங்களே கண்டுபிடித்ததில் இல்லை. அடுத்தவர் சேர்த்து வைத்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் ரோட்ஸ் தீவில் கழித்தார். துறைமுகத்தில் நின்ற மாபெரும் வெண்கலச் சிலை கி.மு. 226ஐ ஒட்டி நிலநடுக்கத்தில் சாய்ந்து, அவர் காலத்தில் உடைந்து கிடந்தது. அந்தத் தீவில் இரவுதோறும் வானத்தைப் பார்த்துக் குறித்தார். கி.மு. 147 முதல் 127 வரை இருபது ஆண்டுகளில் அவர் செய்த அளவீடுகள் பற்றி, அவருக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பின்னால் வந்த தாலமி எழுதி வைத்திருக்கிறார். தொலைநோக்கி கிடையாது. வெறும் கண், நீண்ட ஒரு சட்டத்தில் இலக்குப் பார்க்கும் துளைகள், பாகை பிரித்த வளையங்கள், சூரிய நிழல். அவ்வளவுதான் கருவி.

அவர் எழுதியவை பல. முழுதாகத் தப்பிப் பிழைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு திருத்தப் புத்தகம்! அராட்டஸ் என்ற கவிஞர் விண்மீன் கூட்டங்களை வர்ணித்து ஒரு நீண்ட பாட்டு எழுதியிருந்தார். யூடாக்சஸ் என்ற கணித அறிஞரின் நூலைப் பார்த்து எழுதியது. ஊரெல்லாம் அதை மனப்பாடம் செய்தது. ஹிப்பார்க்கஸ் அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு, இந்த விண்மீன் நீங்கள் சொன்ன நேரத்தில் உதிக்காது, அந்தக் கூட்டம் நீங்கள் சொன்ன இடத்தில் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

அராட்டசின் பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அவர் பாட்டின் ஒரு துண்டு நம் திருவிவிலியத்திலேயே இருக்கிறது. ஏதென்சு நகரத்தில் அரயோப்பாகு மன்றத்தின் நடுவில் நின்று திருத்தூதர் பவுல் பேசியபோது, கேட்டுக்கொண்டிருந்த கிரேக்கர்களின் கவிஞர் ஒருவரையே சான்றுக்கு அழைத்தார் அல்லவா? திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரம், 28ஆம் வசனம். அந்த வரி அராட்டசின் பாட்டின் தொடக்கத்தில் வருகிறது. அராட்டஸ் பிறந்தது சிலிசியா நாட்டில். பவுலின் தர்சு நகரமும் அதே சிலிசியாவில்தான். ஊர்க்காரர் பாட்டு அவருக்குத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை. பாட்டு அவ்வளவு புகழோடு இருந்ததால்தான் அதைத் திருத்திய புத்தகமும் கூடவே ஒட்டிக்கொண்டு தப்பித்தது. ஹிப்பார்க்கசின் பெரிய நூல்கள் எல்லாம் போய்விட்டன.

அந்தத் திருத்தப் புத்தகத்தில் ஒரு செய்தி. வானத்தின் வட துருவத்தில் அசையாமல் ஒரு விண்மீன் நிற்கிறது என்று யூடாக்சஸ் எழுதியிருந்தார். ஹிப்பார்க்கஸ் அதை மறுத்தார். துருவப் புள்ளியில் விண்மீன் எதுவும் இல்லை, அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, பக்கத்தில் உள்ள மூன்று விண்மீன்களோடு அந்த வெற்றிடத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு சதுரம் கிடைக்கும் என்றார். துருவன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது விந்தையாகத் தெரியும். இன்று அங்கே துருவ நட்சத்திரம் இருக்கிறதே! அவர் காலத்தில் அது துருவத்திலிருந்து பன்னிரண்டு பாகையளவு தள்ளி இருந்தது. வானம் நகர்ந்திருக்கிறது. அந்த நகர்வைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அதுதான் அவர் வாழ்வின் பெரிய கதை. அதற்கு முன் நாள்காட்டியைச் சொல்லிவிடுகிறேன்.

ஓராண்டுக்கு எத்தனை நாள்? 365 நாளும் கால் நாளும் என்பது அக்காலக் கணக்கு. பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஆண்டுக்கு ஆண்டு குறித்து, பழைய குறிப்புகளோடு ஒப்பிட்டு, கால் நாள் என்பது சற்று அதிகம் என்று ஹிப்பார்க்கஸ் கண்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு ஒரு நாள் கூடுதலாகிறது என்பது அவர் கணக்கு. அதாவது ஓராண்டு 365 நாள், 5 மணி, 55 நிமிடம், 12 வினாடி. இன்று நமக்குத் தெரிந்த அளவோடு ஒப்பிட்டால் ஆறரை நிமிடம் போலத்தான் வேறுபாடு. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை உள்ள சராசரிக் காலம் 29 நாள், 12 மணி, 44 நிமிடம், மூன்றேகால் வினாடி அளவு என்ற பாபிலோனியக் கணக்கைப் பழைய கிரகணங்களை வைத்துச் சோதித்து ஏற்றுக்கொண்டார். அதில் பிழை ஒரு வினாடிகூட இல்லை. யூதர்களின் நாள்காட்டி இன்றும் அந்த அளவில்தான் நடக்கிறது.

அவர் இறந்து எழுபது, எண்பது ஆண்டுகள் கழித்து ஜூலியஸ் சீசர் உரோமை நாள்காட்டியைச் சீர்படுத்தியபோது, கால் நாள் கணக்கையே எடுத்துக்கொண்டார். ஹிப்பார்க்கசின் திருத்தத்தைக் கண்டுகொள்ளவில்லை. நான்காண்டுக்கு ஒரு மிகுநாள் என்பது எளிது, அதனால் இருக்கலாம். அந்த நாள்காட்டியை வைத்துக்கொண்டுதான் கி.பி. 325இல் நிசேயாவில், எல்லாரும் ஒரே நாளில் உயிர்ப்புப் பெருவிழாவைக் கொண்டாட வேண்டும் என்று தந்தையர்கள் முடிவு செய்தார்கள். பிறகு நிலைபெற்ற விதி நமக்குத் தெரியும். மார்ச் 21ஐ ஒட்டிய சம பகலிரவு நாளுக்குப் பின் வரும் முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு. ஆண்டுக்குப் பதினொரு நிமிடப் பிழை சேர்ந்து சேர்ந்து, பதினாறாம் நூற்றாண்டில் சம பகலிரவு நாள் மார்ச் 11க்கு வந்துவிட்டது. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் பத்து நாள்களை நீக்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. தம் ஊரில் எடுக்கப்பட்ட ஒரு முடிவுக்காக உலகமே பத்து நாளை இழக்கப் போகிறது என்று ஹிப்பார்க்கசுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் கால் நாள் கணக்கு தவறு என்று அவர் முன்பே எழுதி வைத்திருந்தார்.

இனி அந்தப் பெரிய கதைக்கு வருவோம். அதில் நம் சித்திரை நட்சத்திரம் வருகிறது. சித்திரை மாதத்துக்குப் பெயர் தந்த அதே விண்மீன். சித்ரா பௌர்ணமி அன்று நிலவுக்கு அருகே வெண்மையாகத் தெரியும். ஹிப்பார்க்கசுக்கு நூற்றறுபது ஆண்டுகள் முன்னால், அலெக்சாந்திரியாவில் திமோகாரிஸ் என்பவர் அதன் இடத்தைக் குறித்திருந்தார். சம பகலிரவுப் புள்ளி ஒன்றிலிருந்து எட்டு பாகை தூரம். ஹிப்பார்க்கஸ் தாம் அளந்தார். ஆறு பாகைதான் வந்தது.

அவர் அளந்த விதம் அழகானது. சந்திர கிரகணத்தின்போது நிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். சூரியன் எங்கே இருக்கிறது என்பதை நாளை வைத்துக் கணக்கிடலாம். அப்படியானால் நிலவின் இடம் துல்லியமாகத் தெரிந்துவிடும். கிரகணம் பிடித்த நிலவு சித்திரை விண்மீனுக்கு அருகே வரும்போது இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால் போதும். கி.மு. 146இலும் 135இலும் அப்படி இரண்டு கிரகணங்கள் வாய்த்தன. ஒன்றில் ஆறரை பாகை வந்தது. மற்றதில் ஐந்தேகால். பதினோரு ஆண்டில் ஒரு விண்மீன் ஒரு பாகைக்கு மேல் நகர்ந்திருக்க முடியாது. எங்கோ இடிக்கிறது. இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு மற்றதை எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் இரண்டையும் எழுதி வைத்தார். இவை ஒத்துப்போகவில்லை என்பதையும் எழுதி வைத்தார். அதனால்தான் தாலமிக்குத் தெரிந்தது. தாலமி எழுதியதால் நமக்குத் தெரிகிறது.

இரண்டு பாகை வேறுபாட்டுக்கு எளிய விளக்கம் ஒன்று இருந்தது. திமோகாரிஸ் தவறாக அளந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். செத்துப்போனவர் வந்து மறுக்கப் போவதில்லை. வானம் மாறாதது என்றே அறிஞர்கள் எல்லாரும் நம்பிய காலம். பூமியில்தான் எல்லாம் அழியும், விண்மீன்கள் என்றும் அங்கேயே இருக்கும் என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருந்தார். ஆனாலும் ஹிப்பார்க்கஸ் பழைய மனிதரின் கையை நம்பினார். தம் கையையும் நம்பினார். அப்படியானால் மாறியது வானம்தான். விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து, சம பகலிரவுப் புள்ளியை ஒப்பிடும்போது, மெல்ல மெல்லக் கிழக்கே நகர்கின்றன என்று முடிவு செய்தார். எவ்வளவு வேகம்? நூறு ஆண்டுக்குக் குறைந்தது ஒரு பாகை என்று எழுதினார். அந்தக் குறைந்தது என்ற சொல்லைக் கவனியுங்கள். உண்மையில் எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு பாகை. தாலமி அந்தச் சொல்லைப் பிற்பாடு விட்டுவிட்டு, நூறு ஆண்டுக்கு ஒரு பாகை என்றே முடித்துவிட்டார். அந்தப் பிழை பல நூற்றாண்டுகள் உலகைச் சுற்றியது.

பம்பரம் சுற்றும்போது தலை மெல்ல வட்டமிடுவதுபோல் பூமியின் அச்சு வட்டமிடுவதுதான் இதற்குக் காரணம். ஒரு வட்டம் முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டு ஆகும். இதை நம் பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்பார்கள். வீட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. சூரியன் மேஷத்தில் நுழையும் நாள் என்று தமிழ்ப் புத்தாண்டை ஏப்ரல் 14இல் கொண்டாடுகிறோம். சம பகலிரவு நாளோ மார்ச் 20, 21இல் முடிந்துவிடுகிறது. நடுவே இருபத்து நான்கு நாள் எப்படி வந்தது? இந்தியாவில் பரவலாக வழங்கும் ஒரு கணக்கின்படி கி.பி. 285இல் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. அதற்குப் பிறகு ஹிப்பார்க்கஸ் கண்ட அந்த நகர்வு பாகை பாகையாகச் சேர்ந்து இரண்டையும் பிரித்துவிட்டது.

விண்மீன் பட்டியல் ஒன்றை அவர் ஏன் தொடங்கினார் என்பதற்கு உரோமை எழுத்தாளர் பிளினி ஒரு காரணம் சொல்கிறார். வானத்தில் புதிதாக ஒரு விண்மீன் தோன்றியதை ஹிப்பார்க்கஸ் பார்த்தாராம். இப்படி அடிக்கடி நடக்கிறதா, பழைய விண்மீன்கள் மறைகின்றனவா, நகர்கின்றனவா என்று அவருக்குக் கேள்வி எழுந்ததாம். அதைத் தம் ஒரு வாழ்நாளில் அறிய முடியாது. ஆகவே, பின்னால் வருகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று விண்மீன்களின் இடத்தையும் பொலிவையும் குறித்து வைத்தார். தமக்குப் பதில் கிடைக்காது என்று தெரிந்தே செய்த வேலை. பிறக்காத மனிதர்களுக்காகக் கண் விழித்தார்.

பொலிவை ஆறு வகுப்பாகப் பிரிக்கும் வழக்கத்தை அவர்தான் தொடங்கினார் என்பது மரபு. மிகப் பிரகாசமானவை முதல் வகுப்பு, கண்ணுக்கு அரிதாகத் தெரிபவை ஆறாம் வகுப்பு. தாலமியின் பட்டியலில் இந்த வகுப்புகள் தெளிவாக இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டு இதைக் கண்மதிப்பாகவே வைத்திருந்தார்கள். 1856இல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் இதற்குக் கணக்கு ஒன்றை வகுத்தார். முதல் வகுப்பு விண்மீன் ஆறாம் வகுப்பு விண்மீனைவிடச் சரியாக நூறு மடங்கு பிரகாசம், ஆகவே ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று வைத்தார். உலகம் ஏற்றுக்கொண்டது.

அந்தப் போக்சன் 1861இல் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த சென்னை வானாய்வகத்துக்குத் தலைமை ஏற்று, 1891இல் இறக்கும்வரை முப்பது ஆண்டு இங்கேயே இருந்தார். சென்னையிலிருந்து அவர் கண்ட சிறுகோள்களில் ஒன்றுக்குக் கிரேக்கக் கவிஞர் சாப்போவின் பெயரை வைத்தார். அவரிடம் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். நம் பஞ்சாங்கங்கள் வானத்தோடு ஒத்துப்போகவில்லை, பார்த்துத் திருத்த வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. அந்தச் சென்னை ஆய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்குப் போனது. அதன் தொடர்ச்சியாகத்தான் இருட்டான வானம் தேடி வைணு பாப்பு ஜவ்வாது மலைக்கு வந்து, 1968இல் காவலூரில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கினார். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்தபோது, அந்த விண்மீனின் ஒளி மங்கியதைக் காவலூரிலும் பதிவு செய்தார்கள். கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்போது தெரிய வந்தது. யுரேனஸ் என்பதும் வானத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர்தான். பாப்பு 1982இல் இறந்தார். 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காவலூர் மலைக்கும் ரோட்ஸ் தீவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நம் மக்கள் அகத்தியர் என்று அழைக்கும் தென்வானத்துப் பெரிய விண்மீன், ரோட்ஸில் கடல் விளிம்பை ஒரு பாகை அளவே தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். ஜவ்வாது மலையிலோ இருபத்து நான்கு பாகைக்கு மேல் எழுந்து, தென் திசையில் தாராளமாக நிற்கும். ஹிப்பார்க்கஸ் வாழ்நாளெல்லாம் ஏங்கிப் பார்த்திருக்கக்கூடிய தென்வானம், மலைக் கிராமத்தில் ஆடு மேய்க்கும் பிள்ளைக்கு வாசலிலேயே கிடைக்கிறது.

அவரைத் தவறே செய்யாதவராகக் காட்டுவது நியாயமாக இராது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று அரிஸ்டார்க்கஸ் முன்பே சொல்லியிருந்தும், இவர் பூமி நடுவில் நிற்பதாக வைத்தே கணக்குப் போட்டார். நிலப்படம் வரைவதில் எரடோஸ்தனிசோடு சண்டை போட்டார். அதிலும் இந்தியா எங்கே இருக்கிறது என்ற பேச்சில், எரடோஸ்தனிஸ் திருத்தியதை விட்டுப் பழைய படங்களையே பிடித்துக்கொண்டார். ஸ்ட்ராபோ அதற்காக அவரைக் கடுமையாகவே கண்டிக்கிறார். பிற்கால எழுத்தாளர்கள் அவர் பெயரைச் சோதிடத்தோடும் சேர்த்துச் சொல்கிறார்கள். அக்காலத்தில் வானியலுக்கும் சோதிடத்துக்கும் நடுவே இன்றுபோல் கோடு கிழிக்கப்படவில்லை.

ஆனால் அவர் செய்யாத ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. சூரியன், நிலவு இரண்டின் ஓட்டத்துக்கும் கணக்கு வகுத்தார். நிலவின் தூரத்தைக்கூட அளந்தார். ஒரே சூரிய கிரகணம் ஓரிடத்தில் முழுமையாகவும், அலெக்சாந்திரியாவில் ஐந்தில் நான்கு பங்காகவும் தெரிந்ததை வைத்து, பூமியின் ஆரத்தைப்போல் 71 முதல் 83 மடங்குக்குள் என்றார். உண்மை 60 மடங்கு. இவ்வளவு செய்தவர், செவ்வாய், வியாழன், சனி போன்ற கோள்களுக்குக் கணக்கு வகுக்கும்படி எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் நிறுத்திக்கொண்டார். இருக்கும் விளக்கங்கள் வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். புதிய விளக்கம் சொல்லத் தம்மிடம் போதிய குறிப்புகள் இல்லை என்று கருதினார். கிடைத்த குறிப்புகளை மட்டும் ஒழுங்குபடுத்திப் பின்வருவோருக்கு வைத்துவிட்டுப் போனார். அக்கால அறிஞர்கள் அண்டம் முழுவதற்கும் விளக்கம் சொல்லிப் பேர் வாங்கிக்கொண்டிருந்தபோது, இவர் வாயை மூடிக்கொண்டார். தாலமி அவரை உண்மையை நேசித்தவர் என்று குறிப்பது இந்த இடத்தில்தான்.

ஹிப்பார்க்கசின் அறிவு இந்தியாவுக்கும் வந்தது. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த ஐந்து சித்தாந்தங்களில் ஒன்றின் பெயர் ரோமக சித்தாந்தம். அதில் ஓராண்டின் அளவு 365 நாள், 5 மணி, 55 நிமிடம், 12 வினாடி. மேலே சொன்ன அதே எண், வினாடி பிசகாமல்! கணக்கில் அவர் பயன்படுத்திய வட்டத்தின் நாண் அளவை நம் நாட்டார் பாதியாக்கி, வில்லின் நாணைக் குறிக்கும் ஜியா என்ற சொல்லால் வழங்கினார்கள். அது அரபு வழியாக ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போய் சைன் ஆயிற்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முக்கோணவியல் என்று மனப்பாடம் செய்வது அந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான்.

கி.மு. 120ஐ ஒட்டி அவர் இறந்தார். அநேகமாக ரோட்ஸில். நிசேயா மக்கள் அவரை மறக்கவில்லை. பின்னாளில் உரோமை ஆட்சியில் அந்த நகரம் வெளியிட்ட நாணயங்களில், முன்னே ஓர் உருண்டையோடு அமர்ந்திருக்கும் ஹிப்பார்க்கசின் உருவம் உண்டு. ஆனால் நூல்களைப் படி எடுப்பார் இல்லை. தாலமியின் பெரிய நூல் வந்தபின் பழையது எதற்கு என்று விட்டுவிட்டார்கள். விண்மீன் பட்டியல் மறைந்தது. அப்படி ஒன்று இருந்ததா என்றுகூடச் சிலர் ஐயப்பட்டார்கள்.

சீனாய் மலையடிவாரத்தில் புனித கத்தரீன் துறவு மடத்திலிருந்து வந்த ஒரு தோல் சுவடி உண்டு. அந்த மடத்தின் தலைவராக இருந்த புனித யோவான் கிளிமாக்குஸ், ஆன்ம வாழ்வைப் படிப்படியாக ஏறும் ஏணியாக எழுதிய நூலின் சிரியாக் மொழிபெயர்ப்பு அதில் இருக்கிறது. ஒன்பது அல்லது பத்தாம் நூற்றாண்டில் எழுதியது. தோல் விலை அதிகம். ஆகவே பழைய ஏடுகளைச் சுரண்டிக் கழுவிவிட்டு, அதன்மேல் எழுதினார்கள். சுரண்டப்பட்ட ஏடுகளில் சிலவற்றில் கிரேக்க மொழியில் ஐந்து, ஆறாம் நூற்றாண்டில் எழுதிய வானியல் குறிப்புகள் இருந்தன. செபிப்பதற்கு நூல் வேண்டியிருந்த ஒரு துறவி, விண்மீன்களை அழித்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர் அந்தத் தோலைத் தேவையில்லை என்று எறிந்திருந்தால் இன்று எதுவுமே மிஞ்சியிருக்காது. மடத்தின் வறண்ட காற்றும் துறவிகளின் கவனமும் அதைக் காத்தன.

2012இல் இங்கிலாந்தில் ஒரு மாணவர், கோடைகாலப் பயிற்சிக்காக அந்தச் சுவடியின் படங்களைப் பார்க்கும்போது அடியில் வானியல் எழுத்து இருப்பதைக் கவனித்தார். பிறகு பல நிற ஒளிகளில் ஏடுகளைப் படமெடுத்தார்கள். 2022 அக்டோபரில் ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். வடமுடி என்ற விண்மீன் கூட்டத்தின் நீள அகலமும், அதன் ஓரங்களில் உள்ள விண்மீன்களின் இடமும் பாகைக் கணக்கில் அங்கே எழுதியிருந்தன. ஒரு பாகைக்குள் சரியாக இருந்தன. அவை தாலமியின் எண்கள் அல்ல. யாருடையவை?

அவர்கள் கணினியில் வானத்தைப் பின்னோக்கி ஓட்டினார்கள். எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு பாகை என்று விண்மீன்கள் பழைய இடங்களுக்குத் திரும்பிப் போயின. ஏட்டில் இருந்த எண்களோடு வானம் பொருந்திய காலம் கி.மு. 129ஐ ஒட்டி வந்தது. ரோட்ஸ் தீவில் அவர் கண் விழித்துக்கொண்டிருந்த ஆண்டுகள்.